துப்பறிவாளனுக்கு எழுத்துப் போட்ட வருஷங்கள்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஓய்வு பெறுகிற வயதில்லை. அறுபதுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. ஆனால் பேசுவதைக் கேட்டுத் தானே எழுதிக்கொள்ளும் மென்பொருள் வந்துவிட்டது, இனி இத்தனை பேர் தேவையில்லை, விரும்புகிறவர்கள் கௌரவமாகப் போகலாம் என்றார்கள். நான் கௌரவமாகப் போனேன். வெளியே மழை. பார்சிப்பனி என்கிற இந்த அமெரிக்க ஊரில் நவம்பர் மழைக்கு ஒரு சுபாவம் உண்டு. விழுகிற மாதிரியே இருக்காது. ஆனால் எல்லாம் நனைந்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி காகிதத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் உங்களை அதிகம் பாடாய்ப்படுத்தியது எந்த நிகழ்ச்சி என்று கேட்டாள். செய்தியா, கூடைப்பந்தா?

"பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் தொடர்" என்றேன்.

சிரித்துவிட்டாள். "அதிலே யாரும் அதிகம் பேசவே மாட்டார்களே!"

பேச மாட்டார்கள்தான். அவளிடம் அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தபோது தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுத் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர்களும் எஞ்சினியர்களும் எழுதுகிற மலர். அமெரிக்காவில் நீங்கள் பார்த்த வேலையைப் பற்றி எழுதுங்கள் ஆன்ட்டி என்று ஒரு இளைஞனின் குரல். சரி, அந்தப் பெண்ணுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

தொலைக்காட்சியின் அடியில் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து ஓடுமே, கேப்ஷன், அதை எழுதியவள் நான். விமான நிலையத்தில் அண்ணாந்து பார்த்து நீங்கள் படிக்கிற எழுத்து. காது கேளாதவர்களுக்காக வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புதிதாக விற்கிற பெட்டிகளுக்குள்ளேயே அந்த எழுத்தைக் காட்டும் சில்லு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. வந்ததும், கிடங்குகளில் தூங்கிக்கொண்டிருந்த பழைய தொடர்களுக்கெல்லாம் எழுத்துத் தேவைப்பட்டது.

நான் கோயம்புத்தூரில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் ஹையர் முடித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, மகள் நித்யா பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, ஒரு குடும்பச் சண்டையை ஓடவிட்டு, கேட்டதை அடி என்றார்கள். அடித்தேன். எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி என்று சில வாரங்கள் இருந்தன. அவை எங்கேயோ கரைந்துவிட்டன. கரையாமல் நிற்பவர் டோரீன்.

டோரீன் எங்கள் மேலாளர். ஒல்லி, சாம்பல் நிறக் கார்டிகன், நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய கொண்டை. அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது. அந்த வீட்டில் காது கேட்டுப் பிறந்த ஒரே ஆள் அவர்தான். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் டோரீன் பதில் சொல்லமாட்டார். நாற்காலியைத் திருப்பி, முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் பேச வேண்டும். நம்மைக் கூப்பிட வேண்டுமென்றால் பெயர் சொல்லமாட்டார், மேசையைத் தட்டுவார். அந்த அதிர்வு பலகை வழியாக வந்து முழங்கையில் ஏறும். முதல் மாதம் எனக்கு அவமானமாக இருந்தது, மாட்டைத் தட்டிக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு அந்தத் தட்டலில் கோபம் எது, அவசரம் எது, காபி குடிக்கப் போகலாமா எது என்று முழங்கைக்கே தெரிய ஆரம்பித்தது.

வேலை இப்படி. நாடாவைப் போட்டுவிட்டு, காலால் ஒரு பெடலை மிதிப்போம், காட்சி நகரும். விட்டால் நிற்கும். தையல் இயந்திரம் மாதிரி. கேட்டதை அடிக்க வேண்டும், ஆனால் ஒரு வரியில் முப்பத்திரண்டு எழுத்துக்கு மேல் அடங்காது. படிக்கிறவன் கண் ஓடுகிற வேகத்தை மீறி எழுத்து ஓடக்கூடாது. மீறினால் சொற்களைக் குறைக்க வேண்டும், அர்த்தம் குறையாமல். இடப்பக்கம் நிற்கிறவன் பேசினால் எழுத்து இடப்பக்கம். காட்சி மாறுகிற நொடியில் எழுத்து அழிந்துவிட வேண்டும். பழைய எழுத்து புதிய காட்சியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் டோரீன் அதை அழுக்கு என்பார். அப்புறம் அடைப்புக்குறிகள். கதவு தட்டுகிற சத்தம், தூரத்தில் ரயில், யாரோ மூச்சை இழுத்துக்கொள்வது. எதை எழுதுவது, எதை விடுவது?

எழுதி முடித்ததும் டோரீனின் அறைக்கு நாடாவைக் கொண்டுபோவேன். அவர் சத்தத்தை முழுக்க அணைப்பார். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து, முழுப் படத்தையும் ஊமையாகப் பார்ப்போம். அவர் புருவம் சுருங்கிய இடமெல்லாம் என் அடுத்த நாள் வேலை.

துப்பறியும் கதைக்கு மட்டும் அவருக்குத் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. "காது கேட்கிறவன் திடுக்கிடுகிற அதே நொடியில் இவர்களும் திடுக்கிட வேண்டும். நீ முந்திக்கொண்டால் கதையைத் திருடுகிறாய். பிந்தினால் அவர்களை வாசலிலேயே நிறுத்திவைக்கிறாய்." ஆகவே முகம் தெரியாத ஆள் இருட்டில் பேசினால், யாரென்று எங்களுக்குத் தெரிந்திருந்தாலும், பெயரைப் போடக்கூடாது. ஆண் குரல், பெண் குரல். அவ்வளவுதான்.

அந்தத் தொடர் நான் பாவாடை சட்டையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எடுத்தது. ஹென்றி வேல் என்று ஒரு தனியார் துப்பறிவாளன். துறைமுக நகரம். ஈரத் தெரு, இரும்புப் படிக்கட்டு, கறுப்பிலேயே நாலைந்து வகைக் கறுப்பு. அவன் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. துப்பாக்கி வைத்திருந்தான், சுட்டதாக ஞாபகமில்லை. அவனுடைய வித்தை வேறு. சந்தேகப்படுகிற ஆளின் எதிரில் போய் உட்காருவான், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொள்வான், ஒன்றும் பேசமாட்டான். எதிராளிக்கு அந்த மௌனம் தாங்காது. எதையாவது உளறுவான். அந்த நேரங்களில் திரையின் அடியில் நான் எழுத ஒன்றும் இருக்காது. வெறும் இருட்டு. பெடலை மிதித்தபடி அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சு குறைவான இடத்தில் ஒவ்வொரு சத்தமும் கனக்கும். லிஃப்ட் கதவு கனக்கும். தொலைபேசி மணி கனக்கும்.

வீட்டிலும் அப்போது பேச்சு குறைந்துகொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் பழனிச்சாமி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமர். அப்போதுதான் டீம் லீட் ஆகியிருந்தார். கல்யாணத்தின்போது என் தங்கைகளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த மனுஷன். எப்போது குறைய ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. குளத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. படி தெரிந்த பிறகுதான் இறங்கியது தெரிகிறது. பொங்கல் விருந்துகளில் தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவார். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை ஆட்டி ஒரு சிரிப்பு. "லீட் ஆனதும் சாமிக்குத் தலைக்கனம் வந்துருச்சு" என்று என் காதுபடவே சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நித்யாவுக்குப் பதினொரு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஒரு மாலை அப்பாவோடு காரில் வந்து இறங்கியவள் நேரே சமையலறைக்கு வந்து, புத்தகப் பையைக் கழற்றாமலே நின்றாள்.

"மாம், ஐ டோல்ட் டாட் சம்திங் இன் த கார்."

"என்ன கண்ணு சொன்னே?"

"தட் நோபடி சிட்ஸ் வித் மீ அட் லன்ச்."

மதியச் சாப்பாட்டில் அவளோடு யாரும் உட்காருவதில்லை. எனக்குக் கை நின்றுவிட்டது. "அப்பா என்ன சொன்னாரு?"

"ஹீ செட், வெரி குட்."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அன்று அடுப்பைப் பார்த்தபடியே நான் கத்தினேன். "பிள்ளை அத்தனை ஏங்கிப் போய்ச் சொல்லுது, நீங்க வெரி குட்டுங்கறீங்க! மனசு எங்கீங்க வெச்சிருக்கீங்க?"  திரும்பிப் பார்த்தால் கையில் செய்தித்தாளுடன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "டயர்டா இருக்குது சுமதி. ஆபீஸ் நெனப்பு" என்றார். அது நான் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் என்று அப்போது உறைக்கவில்லை. கோபத்தில் எதுவுமே பொருந்துகிற மாதிரிதான் இருக்கும்.

ஆனால் சனிக்கிழமை மதியங்கள் மட்டும் எங்களுக்கு நன்றாக இருந்தன. எழுத்தைப் படத்திலேயே பதித்த ஒரு நகல் நாடாவை வீட்டுக்கு எடுத்துவர அனுமதி உண்டு. காது நன்றாகக் கேட்கிற ஒருவருக்கு அந்த எழுத்து இடைஞ்சலாக இருக்கிறதா, குரலுக்கு முன்னால் ஓடிக் கதையைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதற்காக. என் வீட்டில் காது கேட்கிறவர் அவர். சாப்பாடு முடிந்ததும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "நம்ம வேலு வந்துட்டானா?" என்பார். ஹென்றி வேல் அவருக்கு வேலு. "நம்ம ஊர்க்காரனாட்டமே இருக்கறான் பாரு. சோறு திங்காம காபியக் குடிச்சே காலத்தத் தள்ளறான்."

சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். மாடியிலிருந்து நித்யா கதவைச் சாத்துவாள்.

"எழுத்து தொந்தரவா இருக்குதுங்களா?"

"இல்லவே இல்ல. எழுத்தில்லாட்டித்தான் மொட்டையா இருக்கும்."

அதைப் போய் டோரீனிடம் பெருமையாகச் சொன்னேன். என் எழுத்து குரலை ஒரு நொடிகூட முந்துவதில்லை, பிந்துவதும் இல்லை, என் கணவர் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை என்று. டோரீன் புருவத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார்.

பிறகு பியானோக் கடைக்காரன் வந்தான்.

தொடரின் ஒரு கதையில் ஹென்றி வேலைத் தேடி ஒரு பியானோக் கடைக்காரன் வருகிறான். கூட்டாளியைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தர வேண்டும். உடம்பு பெரியது, குரல் விசித்திரம். தொண்டைக்குள் மணலைக் கொட்டி வைத்த மாதிரி. பாதிக் கதையில் வேலின் அறையில் தொலைபேசி மணி அடிக்கிறது. தேடுவதை நிறுத்து, இல்லையென்றால் நீயும் காணாமல் போவாய் என்கிறது ஒரு குரல். அதே மணல். கைக்குட்டையைப் போட்டு மறைத்துப் பேசினாலும் அதே மணல். கேட்கிற எல்லோருக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும். வேலுக்கும் தெரிந்துவிடுகிறது; ரிசீவரைப் பிடித்தபடி பேசாமல் நிற்கிறான். கூட்டாளியைக் கொன்றவன் யார் என்று தெரிந்துகொண்டே அவனோடு காபி குடிப்பதுதான் மீதிக் கதை.

நான் சட்டப்படி எழுதினேன். தொலைபேசியில் ஆண் குரல். பெயர் இல்லை. டோரீனின் அறையில் ஊமையாகப் பார்த்தோம். அவர் புருவம் அசையவில்லை. இரண்டு பேருமே முன்பே சத்தத்தோடு கேட்டிருந்தோம், அந்தக் குரல் ஏற்கெனவே தலைக்குள் இருந்தது.

சனிக்கிழமை வீட்டில் போட்டேன். கடைசிக் காட்சியில் கடைக்காரன் கையில் விலங்கு விழுந்ததும் என் வீட்டுக்காரர் தொடையில் தட்டினார். "அட, இவனா! நான் அந்த லாரி டிரைவர்னல்ல நெனச்சேன்."

"போன் வந்தப்பவே தெரியலீங்களா?"

"போன்ல யாரோ ஆம்பளைன்னுதான போட்டிருக்குது?"

எனக்கு மகிழ்ச்சி. மகிழ்ச்சி! எழுத்தில் ஓட்டை இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டேன், காது கேட்கிற மனுஷனுக்கே புரியவில்லை என்றால் கேளாதவர்கள் பாவம் என்ன செய்வார்கள்? திங்கட்கிழமை கோட்டைக்கூடக் கழற்றாமல் டோரீனின் அறைக்குள் போனேன். போய், முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நாடாவைப் போட்டார். அந்த இடத்தைச் சத்தத்தோடு ஓடவிட்டார். மணல் குரல் அறை முழுக்க இறைந்தது. நிறுத்தினார்.

"வீட்டில் சத்தம் இருந்ததா?"

"இருந்தது. அதிகமாகவே. மகள் கதவைச் சாத்திக்கொண்டாள்."

"தப்பு இருக்கிறது, சுமாட்டி. திருத்தலாம்." என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். "ஆனால் இந்தக் குரலைக் கேட்டும் ஒருவர் யாரோ என்று சொன்னால் அதற்கு எழுத்து காரணமில்லை."

எனக்குப் புரியவில்லை. அவர் வேறு எதையோ கேட்க ஆரம்பித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"விருந்துகளில் அவர் எங்கே உட்காருவார்?"

"மூலையில். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு."

"ஜன்னல் அவருக்கு முன்னாலா, பின்னாலா?"

யோசித்தேன். "பின்னால். பேசுகிறவர்கள் முகத்தில்தான் வெளிச்சம் விழும்."

"அலுவலகத்தில் எப்படி?"

"எல்லாவற்றையும் ஈமெயிலில் போடு என்பார். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும் என்பார். ஒழுங்கான ஆள் என்று பாராட்டுகூட..."

"காரில், பின் சீட்டிலிருந்து யாராவது பேசினால்?"

 என் வாயில் வெரி குட் என்ற இரண்டு சொற்கள் வந்து நின்றன. கோட்டுப் பொத்தானைப் போட்டேன், கழற்றினேன், போட்டேன். டோரீன் என்னைப் பார்க்காமல் நாடாவை வெளியே எடுத்து உறையில் போட்டார். அந்த மனுஷியிடம் நான் பார்த்த ஒரே மரியாதைக் குறைவு அது. ஒருவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தது. இரக்கத்தால் என்று இப்போது தெரிகிறது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க" என்றேன். நீராவி புஸ்ஸென்றது. "ஏங்க, நித்யாவக் காணோம்." இஸ்திரிப்பெட்டி காலரை விட்டுக் கைக்கு இறங்கியது, நிதானமாக. தரையில் காலை ஒரு தட்டுத் தட்டினேன். உடனே திரும்பினார். "வந்துட்டியா? எப்ப வந்தே?" என்று சிரித்தார்.

எத்தனை நாளாக அந்தச் சிரிப்பை நான் கனம் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

பியானோக் கடைக்காரனைத் திருத்த நானும் டோரீனும் ஒரு வாரம் உட்கார்ந்தோம். தொலைபேசியில் பெயரைப் போட்டால் கதையைத் திருடியதாகும். போடாவிட்டால் வாசலில் நிறுத்தியதாகும். என்ன செய்வது? கடைசியில் டோரீன் நாடாவை முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். கடைக்காரன் முதன்முதலாக வாயைத் திறக்கிற இடம். அங்கே அடைப்புக்குறிக்குள், கரகரத்த குரலில் என்று போடு என்றார். அதற்கு இடம் வேண்டும் என்பதற்காக அவன் பேச்சில் இரண்டு சொற்களை வெட்டினேன். பிறகு பியானோவின் அருகில் நின்று சிகரெட் பற்றவைக்கிறபோது இன்னொரு முறை. தொலைபேசி வந்ததும் அதே சொல், பெயரில்லாமல். அவ்வளவுதான். படிக்கிறவர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும், காதால் கேட்கிறவர்கள் கண்டுபிடிக்கிற மாதிரி.

சோதித்துப் பார்க்க டோரீன் தன் அம்மாவை அழைத்து வந்தார். சிவப்புச் சாயம் பூசிய நகங்கள், குறும்புக் கண்கள். தொலைபேசிக் காட்சியில் அந்த அம்மாளின் கை விறுக்கென்று எழுந்து தன் தொண்டையைத் தொட்டது. பிறகு திரையில் அந்தக் கடைக்காரன் நின்றுவிட்டுப் போன இடத்தைச் சுட்டியது. டோரீன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

திருத்திய நாடா சனிக்கிழமை வீட்டுக்கு வந்தது.

"இது பார்த்ததாச்சே" என்றார் என் வீட்டுக்காரர்.

"திருத்தினதுங்க. மறுபடி பாருங்க."

பார்த்தார். கடைக்காரன் வாயைத் திறந்தான். கரகரத்த குரலில். அவர் முதுகு சோபாவை விட்டு முன்னால் வந்தது. சிகரெட் காட்சி. மடக்கிய காலைக் கீழே இறக்கினார். தொலைபேசி மணி. எழுத்து வந்ததும் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். ரிசீவரும் கையுமாக வேலு உறைந்து நின்றான்.

"இவன் குரல் இப்படியா இருக்கும்?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எனக்கு எல்லாரும் தண்ணிக்குள்ள நின்னு பேசறாப்ல இருக்குது."

நான் எழுந்துபோய் அவர் எதிரில், ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி, தரையில் உட்கார்ந்தேன். அவர் அதைக் கவனித்தார். நான் எங்கே வந்து உட்கார்கிறேன் என்பதிலிருந்தே எனக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பிருந்துங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும். டாக்டரப் பார்த்தேன். நரம்பாம். இன்னும் கொறையுமாம். மெஷின் வெச்சா கொஞ்சம் கேக்குமாம்."

"வெச்சுக்க வேண்டியதுதானுங்களே?"

"வெச்சா ஆபீஸ்ல தெரிஞ்சிரும். ஆளக் கொறைக்கறப்ப மொதல்ல எம் பேருதான் வரும். எங்கப்பன் தம்பி, சின்னய்யன, ஊர்ல யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா? செவிடன்தான். அவரு கல்யாணப் பத்திரிகைல மட்டுந்தான் நான் அவரு பேரையே பார்த்தேன்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நித்யாகிட்டச் சொல்லிராத சுமதி. பிள்ளைக்கு அப்பன் முழுசா இருக்கோணும்."

"அவ உங்கள முழுசாவா நெனச்சிட்டிருக்கறா?" என்றேன். "அப்பாவுக்கு எம் மேல அக்கறையே இல்லைன்னு நெனச்சிட்டிருக்கறாளுங்க."

அவருக்கு அது சரியாகப் போய்ச் சேரவில்லை. உதட்டையே பார்த்தார். மெதுவாக, வாயைத் திறந்து, இன்னொரு தரம் சொன்னேன்.

"நானா? நான் என்ன பண்ணுனேன்?"

காரில் நடந்ததைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டில் யாரும் அவளோடு உட்காராததையும், அதற்கு அவர் சொன்ன பதிலையும். அன்று அடுப்படியில் நான் கத்தியது ஒரு சொல்கூட அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. நான் கோபமாக இருந்தது மட்டும் தெரிந்திருக்கிறது. அவர் கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தார்.

"கார்க் கண்ணாடில பார்த்தேன்" என்றார். "வாய் அசைஞ்சுது. சிரிக்கறான்னு நெனச்சேன்."

காதுக்கு மெஷின் வந்தது, அலுவலகத்தில் சொன்னது, அடுத்த வருஷமே லீட் பதவி போனது, அதற்கு அடுத்த வருஷம் வேலையே போனது, எல்லாம் பிற்பாடு. அவர் பயந்தது பயந்தபடியே நடந்தது என்பதைத் தவிர அதில் எழுத ஒன்றுமில்லை.

நாடா பார்த்ததற்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை ஆறிக்கொண்டிருந்தது. நித்யா இறங்கி வந்து நாற்காலியை இழுத்ததும் அவர் பேசினார், குரல் இருக்க வேண்டியதைவிட உரக்க.

"நித்து, அப்பாவுக்குக் காது கேக்கறதில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"சின்ஸ் வென்?"

நான் இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டு வருஷமா" என்றார் அவர்.

"ஸோ வென் ஐ டாக் டு யூ இன் த கார்..."

"கேக்கல கண்ணு. எதுவுமே கேக்கல."

நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது கழுத்தைக் கட்டிக்கொள்வது. இரண்டும் நடக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தாள், ஒவ்வொன்றாக. இரண்டு வருஷத்தில் அவரிடம் சொன்னது எல்லாவற்றையும். உதடு அதிகம் அசையாத ஆங்கிலம், மூச்சு வாங்காத வேகம். அவரால் படிக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார். நான் குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த மளிகைப் பட்டியல் காகிதத்தைக் கிழித்துத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பித்தேன். எழுதி எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்ட பிறந்தநாளுக்கு அவளைக் கூப்பிடவில்லை. அதற்கு அவர் சொன்னது, ஓகே. வயலின் பிடிக்கவில்லை, நிறுத்திவிடலாமா? அம்மாகிட்டக் கேளு. பள்ளியில் வளர்த்த வெள்ளெலி செத்துப்போனது, அவள்தான் அதைக் கையில் எடுத்தாள். வெரி குட். அவர் ஏன் இப்போதெல்லாம் மாடிக்கு வந்து குட் நைட் சொல்வதில்லை? அதற்கு ஒரு சிரிப்பு. அவள் கேட்டதோடு அவர் சொன்ன பதில்களும் வரிசை தப்பாமல் அவளுக்கு ஞாபகம் இருந்தன. தொழிலில் அவ்வளவு வேகமாக நான் எழுதியதில்லை. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார், படித்துத் தலையாட்டினார், சில இடங்களில் "ஐயோ" என்றார்.

அவள் நின்றாள்.

"அப்புறம் கண்ணு?" என்றார் அவர். "சொல்லு. அப்பா படிக்கறேன்."

"தட்ஸ் ஆல். ஆஃப்டர் தட் ஐ ஸ்டாப்ட் டெல்லிங் யூ திங்ஸ்."

என் பென்சில் காகிதத்தின் மேலே நின்றது. அவர் என்னைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார். அப்புறம் ஒன்றுமில்லையாம் என்று நான் தலையை அசைத்திருக்கலாம்.

"ரைட் இட், மாம்" என்றாள் நித்யா.

எழுதினேன். அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவர் பக்கம் தள்ளினேன். அவர் படித்தார். அது சின்ன வரி, படிக்க ஒரு நொடி போதும். ஆனால் படித்து முடித்த பிறகும் அவர் கண்ணை எடுக்கவில்லை; எடுத்தால் எதிரில் நிற்கிற மகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.